திருவாலங்காட்டு நடராசரும் உறுப்பினர் அட்டையும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். பிரெஞ்சு சிற்பி ரோடான் இவரைப் புகைப்படத்தில் பார்த்து வியந்து எழுதிய கட்டுரை 1921இல் அச்சாகிவிட்டது. அப்போது சேரி மக்கள் ஊர்க் கோயிலுக்குள் கால்வைக்க முடியாது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டங்கள் 1939லும் 1947லும்தான் வந்தன. சொந்த ஊர்க் கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர் ரயிலேறி எழும்பூர் வந்தால், தன் ஊர் நடராசரை நேருக்கு நேர் பார்த்திருக்கலாம். அருங்காட்சியகம் என்கிற ஏற்பாட்டை மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

அதற்காகப் புனிதமாக்கவும் வேண்டாம். 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பார்க்க வந்தவர்களையே பிடித்துத் தலையையும் மூக்கையும் அளந்தவர். சாதிகளை ஏழு தொகுதிகளில் அடுக்கிவைத்த அவரது நூல் 1909இல் வந்தது.

இன்று யாரும் மூக்கை அளப்பதில்லை. ஆனால் பெருநகரக் கலைக்கூடங்களின் உறுப்பினர் மாலைகளை நினைத்துப் பாருங்கள். சந்தா கட்டியவர்களுக்குத் திறப்புக்கு முன்பே தனிப்பார்வை, வழிகாட்டியோடு ஒரு சுற்று, பிறகு கோப்பையோடு நின்றபடி அரட்டை. சந்தாத் தொகை சின்ன விஷயம். இலவசமாகத் திறந்துவிட்டாலும் படித்த வீட்டுப் பிள்ளைகளே உள்ளே வருகிறார்கள் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியே 1966லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார். நம் ஊரில் அதோடு ஆங்கிலமும் குடும்பப்பெயரும் சேர்ந்துகொள்கின்றன. யார் ஓவியத்தை யார் வாங்குவது, யாரை அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்த அரட்டையில்தான் முடிவாகிறது. மக்கள் கூடிக் கலந்து வாழ்வதுதான் ஜனநாயகம் என்றார் அம்பேத்கர். இவர்கள் கூடுவது தங்களுக்குள்.

வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதையும் கேளுங்கள். மெழுகு வார்ப்பு, சோழர் கலை, பிரபஞ்ச நடனம். எல்லாம் சரிதான். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள், இராசேந்திரன் பழையனூரை இந்தக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஊரையே கொடுத்தால் அந்த ஊர் நிலத்தில் உழைத்தவர்கள் கதி என்ன? அதே காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்றே எழுதி வைத்திருக்கிறார்களே, அது எந்தச் சுற்றில் வருகிறது? சிலையின் அழகைச் சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்கிற வழிகாட்டி வேண்டும். திருவள்ளூர் அரசுக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் சேரிப் பிள்ளைகளை ஊதியத்தோடு இந்த வேலைக்கு எடுக்கலாம். தமிழில் ஒரு சுற்று. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் ஒன்று. அரசு நினைத்தால் பெரிய செலவில்லை.

அரசு நினைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நீலம் பண்பாட்டு மையம் 2018இல் வானம் கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது யாருடைய உறுப்பினர் அட்டையையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திருவாலங்காட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் ஓடுகிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பத்துப் பேர் சேருங்கள், செப்பேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.