பட்டாவில் பாட்டனார் பெயர்

தருமபுரிச் சீமைக்கு ஒரு சரித்திரப் பெருமை உண்டு. அதை அந்தச் சீமையாரே அதிகம் பேசுவதில்லை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின் பயனாகத் தருமபுரி அடங்கிய பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்து தருமபுரியில் சில ஆண்டுகள் வாசம் செய்த தாமஸ் மன்றோவும், மலையடிவாரத்துப் புஞ்சைகளையும் ஏரிப் பாசன நஞ்சைகளையும் வயல் வயலாக அளக்கச் செய்து, இடையில் எவருமின்றி உழுகிற குடியானவனோடு சர்க்கார் நேராகத் தீர்வை பேசிக்கொள்ளும் ரயத்துவாரி வழக்கத்துக்கு வித்திட்டார்கள். நடுவில் நிலத்தை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாக ஏலமிட்டுப் பார்த்த விபரீதப் பரீட்சையும் நடந்ததுண்டு. அது நிலைக்காமல், மன்றோவின் பிடிவாதத்தால் ரயத்துவாரி முறையே சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் வேரூன்றியது. கும்பினியாரின் நோக்கம் வரி வசூல் என்பதில் சந்தேகமில்லை; ஆயினும் இந்த வயல் இன்னாருடையது என்று சர்க்கார் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி அந்த வசூல் வேட்கையிலிருந்தே பிறந்தது.

அவ்விதி பிறந்த மண்ணிலேயே, இன்று பென்னாகரத்துப் பக்கத்திலோ பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலோ ஒரு குடியானவரிடம் சிட்டாவைக் காட்டச் சொன்னால், காலமாகிப் பல ஆண்டுகளான பாட்டனாரின் பெயரையோ, பங்காளிகள் அனைவரையும் ஒருசேரக் கட்டிப்போட்ட கூட்டுப் பட்டாவையோதான் பெரும்பாலும் பார்க்க நேரிடும். தகப்பனார் போனபின் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, கிணற்றுக்கு முறை வைத்து, அவரவர் பங்கை அவரவர் உழுதுகொண்டு சச்சரவின்றி ஜீவனம் நடத்துகிற குடும்பங்களில்கூட, அந்தப் பாகம் தாலுகா கச்சேரியின் ஏட்டுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. அண்ணன் பெங்களூரில் கட்டட வேலையில், தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில். எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்திட வருவது திருவிழாவுக்கும் சாவுக்கும்தான் சாத்தியம். மகள்களுக்கும் பிறப்பால் சம பாத்தியதை உண்டென்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்துவிட்டது. அவர்களிடம் கேட்கப்படுவதோ விடுதலைப் பத்திரத்தில் ஒரு ரேகை.

இதன் நஷ்டம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் சிட்டா அடங்கல் வேண்டும். சொட்டு நீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் கேட்டால் சிறு, குறு விவசாயி என்ற சான்று வேண்டும், அச்சான்றுக்குப் பட்டா வேண்டும். கிணற்றுக்கு மின் இணைப்பு வேண்டுமானாலும், மத்திய சர்க்கார் ஆண்டுக்குத் தருகிற 6,000 ரூபாய் வேண்டுமானாலும் அதே காகிதம். காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் பிடிக்கும் மாங்கன்றையோ, மல்பெரித் தோட்டத்தையோ, தன் பெயரில் இல்லாத நிலத்தில் கடன் வாங்கி வைக்கத் துணிபவர் யார்? மனைவியின் நகை அடமானத்துக்குப் போகிறது. அதுவும் தீர்ந்தால் வட்டிக்காரர் வீடு. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கும்போது நஷ்ட ஈடும் ஏட்டிலுள்ள பெயரைத் தேடித்தான் போகும்.

இந்தக் கோளாறுக்குக் குடியானவரின் அசிரத்தையைக் காரணம் காட்டுவது அதிகாரிகளின் வழக்கம், நான் ஒப்பமாட்டேன். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறதே தவிர, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. பட்டாவோ வருவாய்த் துறையின் ஏடு. அது மட்டுமே உரிமையை ஸ்தாபிக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பிழைகளை, அதன் ஆங்கிலச் சுருக்கத்தால் ‘யு.டி.ஆர். தப்பு’ என்று பெயரிட்டுக் கிராமங்கள் இன்றும் சுமக்கின்றன. அத்திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1980ல், கர்ணம் என்ற கிராமக் கணக்கர் உத்தியோகம் ஒழிக்கப்பட்டது. ஒழித்தது நியாயம், ஆனால் எந்த வயல் யாருடையது என்று மனப்பாடமாக அறிந்திருந்த மனிதரும் அதோடு போனார். பிற்பாடு கணினி வந்தது. பழைய பிழை அழகான எழுத்தில் அச்சாகிறது.

இதே மாவட்டத்துச் சித்தேரி மலை போன்ற இடங்களின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்குக் கிடைக்க வேண்டிய உரிமைப் பத்திரங்கள், சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டால் 2016 வரை தமிழ்நாட்டில் முடங்கிக் கிடந்தன.

பத்திரம் கிடைத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ, ஏழையின் சொத்துக்குப் பத்திரம் கொடுத்தால் மூலதனம் தானே ஊறும் என்று வாதித்துப் புகழடைந்தார். அவர் தேசத்திலேயே பத்திரம் வந்த பிறகும் தனியார் வங்கிகள் எதிர்பார்த்தபடி கடனுக்குக் கதவைத் திறக்கவில்லை. நம்மிடமோ வேறொரு பயம் உண்டு: 1892க்குப் பிறகு தாழ்த்தப்பட்டோருக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலம், கைமாற்றத் தடை எழுத்திலேயே இருந்தும், பெருமளவு பிறர் கைக்குப் போயிற்று. தெளிவான பட்டா கிடைத்த மறுநாளே தரகர் வாசலில் நிற்பார் என்பதும் மெய்யே. ஆனால் குழம்பிய பட்டாவால் தரகருக்கு நஷ்டம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பங்காளிகளில் ஒருவரைப் பிடித்து அடிமாட்டு விலைக்குக் கிரயம் எழுதி வாங்க அதுவே அவருக்கு வசதி.

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டமன்று. பசலி என்னும் வருவாய் ஆண்டின் முடிவில், மே, ஜூன் மாதங்களில், தாலுகா கச்சேரியில் நடக்கிற கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி இன்று பெரும்பாலும் மனு வாங்கும் வைபவமாகச் சுருங்கிவிட்டது. அதைக் கிராமத்துக்கே கொண்டுபோய், சர்வேயரையும் புலப்படத்தையும் கூடவே அழைத்து, இறந்தவர் பெயரை நீக்கி, வாரிசுகளை மகள்கள் உள்பட எழுதி, ஒத்துக்கொண்ட பாகங்களுக்கு அங்கேயே உட்பிரிவு அளந்து, ஒத்துக்கொள்ளாதவற்றைத் தனியே குறித்து நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். வெளியூர் போனவர்கள் ஊர் திரும்பும் மாரியம்மன் பண்டிகை வாரத்தையே அதற்கு நாளாக வைக்கலாம். உட்பிரிவுக் கட்டணத்தை அந்த ஒரு வாரத்துக்குச் சர்க்கார் தள்ளுபடி செய்ய வேண்டும். வருகிற பசலியில் பென்னாகரம் தாலுகாவில் ஒரே ஒரு குறுவட்டத்தை எடுத்துக்கொண்டு, இதை மாவட்ட ஆட்சியர் தொடங்கிப் பார்க்கலாம்.