இசைத்தட்டா? எண்முறையா?

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவரின் கருத்து)

இசையை விரும்பாத மனிதர் அரியர். ஏர் பிடிப்பவரும் பாடுகிறார்; எழுதுகோல் பிடிப்பவரும் பாடுகிறார். ஆனால் அந்த இசையை வீட்டில் எதன் வழியாகக் கேட்பது என்ற கேள்வி எழுந்தால், ஒரே வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "இசைத்தட்டிலும் கேசட்டிலும் இருந்த உயிர் உங்கள் செல்போனில் ஏது?" என்பது என் தந்தையாரின் கட்சி. "கரகரப்பில் என்ன உயிர் இருக்கிறது?" என்பது என் கட்சி. இரு கட்சியின் நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

இரு முறைகள்:

ஒலியலையின் வடிவத்தையே பள்ளமாகச் செதுக்கி வைப்பது இசைத்தட்டு. அதே வடிவத்தைக் காந்தப் பதிவாக மாற்றி வைப்பது ஒலிநாடா. இவை இரண்டும் அனலாக் முறை. ஒலியை அளந்து, அந்த அளவுகளை எண்களாக எழுதி வைப்பது எண்முறை, அதாவது டிஜிட்டல். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒரு வினாடி இசை 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது.

"இப்படித் துண்டு போட்டால் இசை சிதையாதா?" என்று கேட்பவர் உண்டு. சிதையாது என்கிறது கணிதம். ஓர் அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அந்த அலையை இடைவெளியின்றி மீட்டுவிடலாம் என்று ஷானன் முதலிய அறிஞர்கள் நிறுவியுள்ளனர். நம் செவியோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது. வயது ஏற ஏற அந்த எல்லையும் குறையும். ஆகவே 44,100 நமக்குப் போதும்.

2022-இல் அமெரிக்காவில் ஒரு செய்தி வெளிவந்தது. உயர்ந்த விலைக்கு இசைத்தட்டு விற்றுவந்த நிறுவனமொன்று, தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் எண்முறைப் பதிவு ஒரு படியாக இருந்ததை ஒப்புக்கொண்டது. தூய அனலாக் என்று நம்பி அவற்றை வாங்கிப் போற்றியவர்களுள் செவிப்புலம் மிக்கவர் எனப் பெயர் பெற்றவரும் இருந்தனர். பல ஆண்டுகள் கேட்டும் அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை! இதைவிடச் சான்று வேண்டுமா?

தந்தையார் கட்சியின் நியாயம்:

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். குறுந்தகட்டில் ஒரு வினாடிக்கு 14 இலட்சம் பிட்டுகளுக்கு மேல் செலவிடப்படுகின்றன. பலர் செல்போனில் ஏற்றிவைத்திருக்கும் 128 கிலோபிட் எம்.பி.3 பாட்டில் இருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். பழைய பாட்டை மறுபதிப்புச் செய்வோர், சத்தம் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. இவை கையாளும் மனிதரின் குற்றங்கள்; எண்முறையின் குற்றங்கள் அல்ல. எனினும் கேட்பவர் காதுக்கு இழப்பு இழப்புதானே?

இன்னொன்றும் உண்டு. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு மணித்துளிகளே ஓடும். 1948-இல் வந்த நெடுந்தட்டில் அது இருபது மணித்துளிகளுக்கு மேலாயிற்று. தட்டை உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, முள்ளை வைத்தபின் எழுந்துபோக மனம் வராது. நாமோ பல்லவி முடியும் முன்னே அடுத்த பாட்டுக்குத் தாவுகிறோம். பாட்டு பெருகிவிட்டது, கேட்பது குறைந்துவிட்டது.

ஒரு கேசட்டின் கதை:

என் எண்ணத்தை மாற்றியது ஒரு கேசட். 1986-இல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா, தாம் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் அப்பாயியின் தாலாட்டைப் பதிந்து வைத்தார். நான் பிறக்கும் முன்பே அப்பாயி மறைந்துவிட்டார். அந்தக் குரல் எங்களிடம் இருந்தது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். சென்ற பொங்கலன்று அதைப் போட்டபோது, நாடா உருளையில் சிக்கிக் கசங்கிவிட்டது. தந்தையார் ஒன்றும் பேசாமல் அதை விடுவித்து, பென்சிலைச் சொருகி மெல்லச் சுற்றினார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, ஒரு வயரால் கணிப்பொறியில் இணைத்து, முழுவதையும் பதிந்தேன். கசங்கிய இடத்தில் இரண்டு அடிகள் அமுங்கிப்போயின. மற்றவை தப்பின. பாட்டின் நடுவில் அப்பாயி, "டேப்பு தீந்துடாதா தம்பி?" என்று கேட்கிறார். பின்னால் ஒரு சிறுவன் சிரிக்கிறான். "அது நான்தாண்டா" என்றார் தந்தையார். எண்முறையில் உயிர் இல்லை என்று அன்று அவர் சொல்லவில்லை.

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். எண்முறையில் நூறாவது பிரதியும் முதற்பிரதியே. ஆனால் என் வெற்றியை நான் கொண்டாட முடியவில்லை. அக்காள் திருமணத்தில் தாத்தா பாடியதை என் செல்போனில்தான் பதிந்திருந்தேன். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. செல்போன் பழுதானபோது அந்தப் பாட்டும் போயிற்று. நாற்பது ஆண்டுப் பழைய கேசட்டில் முக்கால் பங்காவது மிஞ்சியது. என் புதிய கருவியில் ஒன்றும் மிஞ்சவில்லை!

முடிவாக:

வீட்டில் இசை கேட்க எண்முறையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் நல்ல பதிவாகத் தேடி எடுங்கள். மாதச் சந்தா முடிந்தால் மறைந்துபோகும் பாட்டை உங்கள் உடைமை என்று எண்ணாதீர்கள். அரிய பதிவை மூன்று இடங்களில் வையுங்கள். கேட்கும் முறையை மட்டும் இசைத்தட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள்: உட்கார்ந்து, முழுவதும் கேளுங்கள்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் கிடக்கலாம். ஓடும் டேப் ரிக்கார்டர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. கடையில் விற்ற பாட்டு வேறெங்கேனும் கிடைக்கும். வீட்டில் பதிந்த குரல் கிடைக்காது. இந்த விடுமுறையிலேயே பரணில் ஏறிப் பாருங்கள்.