வெட்கம் எதற்கு?

நம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் எந்த வியாதியைத்தான் பேசாமல் விடுகிறார்கள்? ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் சபைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் மூத்திரப் பைக்குச் சற்றுக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், ஆண்களுக்கு மட்டுமே அமைந்த ஒரு சுரப்பி உண்டு. புராஸ்டேட் என்பது அதன் பெயர். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரவில் நாலு தடவை எழுந்திருப்பவர், மனைவியிடங்கூடச் சொல்லாமல், "வயதாகிவிட்டது" என்று தமக்குத் தாமே சமாதானம் செய்துகொள்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் நெல்ஸன் மண்டேலாவுக்கு 1985-ல், சிறையிலிருந்த காலத்தில், வீங்கிய அந்தச் சுரப்பிக்காக ரண சிகிச்சை நடந்தது. 2001-ல், 83 வயதில், அதே இடத்தில் புற்றுநோய் கண்டது. செய்தியை மூடி மறைக்கவில்லை, உலகமே அறிந்தது. 7 வாரம் கதிர் சிகிச்சை பெற்றார். அதன் பிறகு 12 ஆண்டுகள் வாழ்ந்து, 2013-ல் 95 வயதில் காலமானார். அவருடைய நண்பர் ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவுக்கோ 1997-லேயே இந்நோய் கண்டது. அவர் 2021 வரையில், 90 வயது வரையில், இருந்தார். நிறவெறி ஆட்சிக்கு அஞ்சாதவர்கள் ஒரு நோயின் பெயருக்கா அஞ்சுவார்கள்?

இரவில் அடிக்கடி எழுந்திருப்பதற்குப் பெரும்பாலும் வெறும் வீக்கமே காரணம். புற்றுநோயோ ஆரம்பத்தில் அநேகமாக ஓர் அறிகுறியும் காட்டாது. ஆகையால்தான் வைத்தியரைக் கலந்து பேசுவது அவசியமாகிறது. பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை துப்புக் கொடுக்கும். ஆனால் அளவு கூடியிருப்பதாலேயே புற்றுநோய் என்று தீர்மானித்துவிட முடியாது. மெதுவாக வளரும் நோயாயிருந்தால், கத்தியைத் தொடாமல் கண்காணித்து வருவதும் உண்டு.

சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நீர் தானாகக் கசியும். தாம்பத்தியத்திலும் குறை நேரலாம். இங்கேதான் ஆண்பிள்ளைகளின் மனம் உடைந்துவிடுகிறது. ஆண்மை என்பது ஒரு சுரப்பிக்குள் குடியிருக்கும் வஸ்துவா, என்ன? இக்குறைகளுக்கும் பயிற்சி உண்டு, மருந்து உண்டு. ஆனால் வாய் திறந்து கேட்டவர்களுக்குத்தான் அவை கிடைக்கும்.

சகோதரிகளே! நள்ளிரவில் உங்கள் வீட்டுப் பெரியவர் எழுந்து நடக்கும் காலடிச் சத்தம் உங்கள் காதில் விழாமலா இருக்கிறது? நாளைக் காலையில் காப்பியைக் கொடுக்கும்போது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.