வீட்டில் பயிற்சி செய்ய எந்த ஒலிபெருக்கி?



இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் பேச வேண்டிய தமிழாசிரியன் கித்தார் ஒலிபெருக்கியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பையன் மின்கித்தார் கேட்கிறான் சார். கூடவே 'எம்ப்' என்று ஒரு பெட்டியும் வேண்டுமாம். எதை வாங்குவது?"

ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று நம் பெற்றோர் இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவனாக நான் ஒருமுறை நடந்துகொள்ளவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஆசிரியர் தின விழாவில், தன் மாமாவிடம் இரவல் வாங்கி வந்த கித்தாரில் ஒரு பாடலைத் தடுமாறாமல் வாசித்தான். அவன் படிவம் ஒன்றுக்குச் சென்ற பிறகு அவனுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். அவர் லாரி ஓட்டுநர். கடைக்காரர் இரண்டு ஒலிபெருக்கிகளைக் காட்டினாராம். ஒன்று 10 வாட். மற்றொன்று 60 வாட்டுக்கும் மேல். விலையோ இரு மடங்குக்கும் அதிகம். "எதை வாங்கட்டும் சார்?" என்று கேட்டார்.

எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், பெரியதாகவே வாங்கிவிடுங்கள். நாளைக்கு மேடையில் வாசிக்கவும் உதவும்" என்றேன். அவரும் கூடுதல் பயணங்கள் ஓடிப் பணம் சேர்த்துப் பெரியதையே வாங்கினார்.

அவர்கள் வீடு நான்காம் மாடியில் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடி வீடு. மேல்வீட்டில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் உறங்கும் ஒருவர். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அந்தப் பெட்டியின் திருகைச் சற்றே திருப்பினால் ஒலி வராது. இன்னும் சற்றுத் திருப்பினால் சன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு முறை அண்டை வீட்டார் கதவைத் தட்டினார்கள். மூன்றாம் முறை குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தார்.

ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒலிபெருக்கியின் மேல் மடித்த துணிகள் அடுக்கப்பட்டிருந்தன. "இவனுக்கு ஆர்வம் இல்லை சார். வீண் செலவு" என்றார் தந்தை. மகன் அருகில்தான் நின்றான். மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவனுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்பவில்லை. வாசித்தால் யாராவது கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கருவியைத் தொடாமலே இருந்துவிட்டான். அந்தப் பயத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னவன் நான்.

பின்னர் என் மகள் மின்கித்தார் கற்க விரும்பியபோது இந்தத் தவற்றை மீண்டும் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். கடை கடையாக ஏறி இறங்கினேன், படித்தேன், வாசிப்பவர்களிடம் கேட்டேன். அதன் பயனாக நான் அடைந்த கருத்து இதுதான்: வீட்டுப் பயிற்சிக்கு முதலில் வாங்கும் ஒலிபெருக்கி சிறியதாகத்தான் இருக்க வேண்டும். பணம் இருந்தாலும் சிறியதையே வாங்க வேண்டும்.

ஒலிபெருக்கி எதற்கு?

மின்கித்தாரின் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. கம்பிகளின் அடியில் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்' இருக்கிறது. கம்பி அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதைப் பெரிதாக்கி ஒலியாக மாற்றுவதே ஒலிபெருக்கியின் வேலை.

"அப்படியானால் இணைக்காமலேயே வாசித்துப் பழகட்டுமே, வீடும் அமைதியாக இருக்கும்" என்று ஒரு பெற்றோர் கேட்டார். விரல் பழகுவதற்கு அது போதும். ஆனால் பிழை கேட்காது. தவறுதலாக உரசும் பக்கத்துக் கம்பி, முழுமையாக அழுத்தாத விரல், அடக்க மறந்த அதிர்வு ஆகியவை ஒலிபெருக்கி வழியாகத்தான் தெளிவாகத் தெரியும். நாம் மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம் அல்லவா? பயிற்சி ஒலிபெருக்கி செய்வதும் அந்த வேலைதான். ஊரைக் கூட்டுவதற்காக நாம் அதை வாங்கவில்லை.

வீட்டில் இருக்கும் ஹைஃபை பெட்டியில் நேரடியாகச் செருகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அது கித்தார் பிக்கப்புக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஒலி மங்கி, உயிரில்லாமல் வரும்.

வாட் என்னும் மாயை

நம்மவர்களுக்கு எண் என்றால் ஒரு மயக்கம். எத்தனை 'ஏ' என்று கேட்டே பிள்ளைகளை அளந்து பழகியவர்கள் நாம். கடையிலும் 'எத்தனை வாட்?' என்றே தொடங்குகிறோம்.

100 வாட் ஒலிபெருக்கி 10 வாட்டைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைப்பது தவறு. ஸ்பீக்கர் ஒரே தன்மையுடையதாக இருந்தால், ஆற்றல் பத்து மடங்கானால் ஒலி 10 டெசிபல் மட்டுமே கூடும். நம் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 10 வாட்டிலிருந்து 20 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். படுக்கையறையில் வாசிக்கும்போது பெரும்பாலும் ஒரு வாட்டைக்கூட நாம் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. 3 முதல் 15 வாட் வரை உள்ள பெட்டி வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

மேலும், பெரிய பெட்டிகள் பலவும் சற்று உரக்க ஒலிக்கும்போதுதான் நன்றாக ஒலிக்கும். மிகக் குறைந்த அளவில் அவற்றைக் கட்டுப்படுத்துவது கடினம். அந்த மாணவன் வீட்டில் நடந்தது இதுதான்.

எதைப் பார்த்து வாங்குவது?

என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

1. ஹெட்போன் துளை. இது இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கும் பிள்ளை வாசிக்கலாம். வீட்டில் ஒருவர் செய்தி கேட்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை உறங்கலாம்.

2. தூய ஒலி. கடைக்காரர் முதலில் உறுமும் ஒலியைத்தான் காட்டுவார். பிள்ளையின் கண் விரியும். ஆனால் அந்த உறுமல் பிழைகளை மூடி மறைக்கும். எவ்விதச் சேர்க்கையும் இல்லாத தூய ஒலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நாற்பது வகை ஒலிகள் இருப்பதைவிட ஒரு நல்ல தூய ஒலி இருப்பது மேல்.

3. 'கெயின்', 'வால்யூம்' என இரண்டு தனித்தனித் திருகுகள். கெயின் உறுமலின் அளவைத் தீர்மானிக்கும். வால்யூம் அறையில் கேட்கும் ஒலியைத் தீர்மானிக்கும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் பிள்ளை விரும்பும் உறுமலை மெதுவான ஒலியிலேயே பெறலாம்.

4. ஸ்பீக்கரின் அளவு. கித்தாரின் மிகத் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்சில் அதிர்கிறது. 3 அங்குல ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை முழுமையாகத் தர இயலாது. 6 முதல் 8 அங்குலம் வரை இருந்தால் செவிக்கு நிறைவாக இருக்கும். இடம் இல்லாதவர்கள் சிறியதோடு நிறைவடையலாம்; கற்பதற்கு அது தடையாகாது.

5. பாடலுடன் சேர்ந்து வாசிக்கும் வசதி. கைப்பேசியை இணைக்கும் துளை அல்லது புளூடூத் இருந்தால், மெட்ரோனோமையோ பாடலையோ ஓடவிட்டுக் கூடவே வாசிக்கலாம். தாளம் தவறாமல் வாசிக்க இதைவிட நல்ல துணை இல்லை.

6. மின்சாரம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பழைய பொருள்கள் 100 அல்லது 120 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்கலாம். அவற்றை நேரடியாகச் செருகினால் பெட்டி கருகிவிடும். பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில பெயர்களையும் சொல்கிறேன். விளம்பரமாகக் கொள்ள வேண்டாம். பெண்டர் பிரண்ட்மேன் 10ஜி என்பது 10 வாட், 6 அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் துளை எனத் தேவையானவை மட்டும் உள்ள எளிய பெட்டி. ஆரஞ்சு கிரஷ் 12 என்பதும் 6 அங்குல ஸ்பீக்கர் கொண்டதே. ஆனால் அதில் பாடலை இணைக்கும் துளை இல்லை. ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் 3 வாட் மட்டுமே. 5 அங்குல ஸ்பீக்கர். ஆறு ஏஏ பேட்டரிகளிலும் இயங்கும். சுருதி சரிபார்க்கும் கருவியும் அதனுள்ளேயே இருக்கிறது. பிளாக்ஸ்டார் ஃபிளை 3 இன்னும் சிறியது. புத்தக அலமாரியில் வைத்துவிடலாம். இவ்வளவும் முடியாதவர்களுக்கு வாக்ஸ் ஆம்பிளக் போன்ற, உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் உள்ளன. கித்தாரிலேயே நேராகச் செருகி ஹெட்போனில் மட்டும் கேட்கலாம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அவனுடைய கித்தாரையும் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் காட்டுவார். நீங்கள் மிகக் குறைத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அது பெரும்பாலும் அந்த அளவில்தான் ஒலிக்கப்போகிறது.

பழைய பொருளைத் தயங்காமல் வாங்கலாம். என் மகளுக்கு நான் வாங்கியது பழையதுதான். திருகுகளைத் திருப்பும்போது கரகரப்பு உண்டா, வயர் செருகும் துளை ஆடுகிறதா, ஹெட்போனில் இரு காதுக்கும் ஒலி வருகிறதா என்று பார்த்து வாங்கினேன். மிச்சமான பணம் சில மாத வகுப்புக் கட்டணத்துக்கு உதவியது.

காதையும் காப்போம்

ஹெட்போன் அண்டை வீட்டாரைக் காக்கும். பிள்ளையின் காதை நாம்தான் காக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தொடர்பான தரநிலை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் வரையறுக்கிறது. வீட்டில் அளவுமானி இல்லையே என்று கவலை வேண்டாம். ஹெட்போனை மாட்டியிருக்கும் பிள்ளையைக் கைதொடும் தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் அழையுங்கள். கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு மறுப்பு

"சிறியதை வாங்கினால் இரண்டு ஆண்டில் மறுபடியும் பெரியது வாங்க வேண்டுமே, இரட்டைச் செலவு" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேடை ஏறும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்த பிறகு வரும் செலவு மகிழ்ச்சியான செலவு. அப்போதும் இந்தச் சிறிய பெட்டி வீட்டுப் பயிற்சிக்கு வேண்டியிருக்கும். பல நிகழ்ச்சிகளில் மேடையிலேயே ஒலிபெருக்கி இருக்கும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். வராத மேடைக்காக வாங்கிய பெட்டி அன்றாடப் பயிற்சியைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். தொடக்கப்பள்ளி இசைப் பாடத்தில் நம் பிள்ளைகள் ரெக்கார்டர் ஊதுகிறார்கள். அதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வாசிக்கப் பெரிய இடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. ஒரு பிள்ளை பயிற்சியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால், 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிடுவதற்கு முன் அவன் வீட்டில் வாசிக்க முடிகிறதா என்று கேட்போம். பெற்றோர் நம்மிடம் ஆலோசனை கேட்டால், வீடு எப்படிப்பட்டது, எந்த நேரத்தில் வாசிப்பான் என்பதை முதலில் கேட்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். நமக்கு அதனால் மதிப்புக் குறைந்துவிடாது.

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று அந்த மாணவனின் தந்தையைக் கோயிலில் கண்டேன். அன்று நான் தெரியாமல் தவறான ஆலோசனை சொன்னேன் என்றும், மகன்மேல் குற்றமில்லை என்றும் சொன்னேன். "இதையா இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தீர்கள், சார்?" என்று சிரித்தார். மகன் இப்போது ஜொகூரில் வேலை செய்கிறானாம். "அவனிடம் சொல்கிறேன்" என்றார்.

அதை நானே அவனிடம் சொல்ல வேண்டும். எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அழைக்கலாம் என்று இருக்கிறேன்.