ஒரே பெயர், இரண்டு படி

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து சேர்ந்தார். குழந்தைகளின் புகைப்படங்களைப் பத்திரப்படுத்துவதற்காக, 'ஒரு டெராபைட்' என்று அச்சிட்ட ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினாராம். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால், விண்டோஸ் 931 ஜிகாபைட்தான் காட்டுகிறது. பாக்கி 69-ஐக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று தீர்மானித்து, அவருடன் பெரிய சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கடைக்காரர் பேரில் குற்றமில்லை என்று நாம் சொன்னதும், நண்பருக்கு நம் பேரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கணக்கு இதுதான். டிஸ்க் செய்கிறவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிகாபைட் என்கிறார்கள். அத்தகைய ஆயிரம் சேர்ந்தது ஒரு டெராபைட். அதாவது லட்சம் கோடி பைட். விண்டோஸோ 107,37,41,824 பைட்டை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கிறது. பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? நெல் ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

இந்தப் பெரிய படி எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டருக்கு இரண்டிரண்டாகப் பெருக்குவதே சுபாவம். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. ஆயிரத்துக்கு அருகில்தானே இருக்கிறது என்று அதற்கும் 'கிலோ' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 சதவிகிதம், ஜிகாவில் 7.4; டெராவிலோ ஏறக்குறைய 10. அலட்சியமாக விட்ட சில்லறைப் பிழை வட்டிக்கு வட்டியாக வளர்ந்துவிட்டது!

1998-ஆம் ஆண்டில் சர்வதேச எலெக்ட்ரோடெக்னிகல் கமிஷன் பெரிய படிக்கு 'கிபிபைட்', 'மெபிபைட்' என்று தனிப் பெயர்கள் வகுத்துக் கொடுத்தது. ஆப்பிள் கம்பெனியார் 2009-இல் தங்கள் மாக் கம்ப்யூட்டர்களைச் சின்னப் படிக்கு மாற்றிவிட்டார்கள். விண்டோஸ் மட்டும் பெரிய படியால் அளந்துகொண்டே சின்னப் படியின் பெயரைச் சொல்லி வருகிறது. ஆகவே ஒரே டிஸ்க் ஒரு வீட்டில் 1,000. அடுத்த வீட்டில் 931.

எந்தப் படி உயர்ந்தது என்ற வழக்கில் நாம் தலையிட விரும்பவில்லை. இரண்டு படிக்கு ஒரே பெயர் இருக்கும் வரையில் நாணயஸ்தனும் திருடனாகவே தோன்றுவான் என்பதுதான் நமது கவலை. நண்பர் மறுநாளே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். உண்மையில் அந்த மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறு யாரோ!