ஏழரை வட்டிக்குக் 'கட்டணம்' என்று பெயர்

கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா என்னும் செல்பேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. பணம் அனுப்ப வங்கிக் கணக்கு வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம். ஒரு பட்டன் போனும் தெருமுனையில் ஒரு முகவரும் போதும். பொருளியலாளர்கள் தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகவும், 1,85,000 பெண்கள் வயல் வேலையை விட்டு வியாபாரத்துக்கு வந்ததாகவும் மதிப்பிட்டது. இவர்களைக் கைதூக்கிவிட்டது கடன் அல்ல. சொந்தக் காசைப் பத்திரமாக வைக்கவும், நெருக்கடியில் உறவினரிடமிருந்து உடனே பெறவும் முடிந்ததுதான்.

கடன் பிறகு வந்தது. எம்-பெசா வழியே 2012-இல் அறிமுகமான எம்-ஷ்வாரி என்னும் சேவையில் 30 நாள் கடனுக்கு 7.5 விழுக்காடு 'கட்டணம்' வைத்தார்கள். நம்மூர்ப் பேச்சில் ஏழரை வட்டி (சகுனம் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்). ஆண்டுக்கு 90 விழுக்காடு. ஈடு இல்லாமல் கொடுக்கிறோம், அபாயம் எங்களுடையது என்பது கடன் தருவோரின் வாதம். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. விடியலில் சரக்கெடுத்து மாலைக்குள் விற்றுத் தீர்க்கும் காய்கறிக்காரம்மாவுக்கு இந்த வட்டி கட்டுப்படியாகலாம். ஆனால் அதே தொகை பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவமனைக்கோ போனால், தவணையை நீட்டிக்க இன்னொரு ஏழரை. அவருடைய வரவுசெலவு முழுவதும் போனில் பதிவாகும்போது, முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கும் விகிதத்தை அவரிடம் கேட்பது நியாயமா?

கடன் செயலிகள் இன்னும் மோசம். தவணை தப்பினால் கடன் வாங்கியவரின் சொந்தபந்தங்களை அழைத்து மானத்தை வாங்கின. கென்ய மத்திய வங்கி 2022-இல்தான் அவற்றுக்கு உரிமம் கட்டாயம் என்றது. உரிமம் மட்டும் போதாது. ஆண்டு வட்டி எவ்வளவு என்பது சம்மதப் பொத்தானை அழுத்துமுன், சுவாஹிலியில், ஒரே எண்ணாகப் பட்டன் போன் திரையிலும் தெரிய வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2022-லேயே டிஜிட்டல் கடன்களுக்கு ஆண்டு விகிதத்தை வெளிப்படையாகச் சொல்வதைக் கட்டாயமாக்கிவிட்டது.

கென்ய அரசும் தன் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பணம் அனுப்பும் கட்டணத்தின் மீதான கலால் வரியைக் கென்யா 2023-இல் 12-லிருந்து 15 விழுக்காடாக உயர்த்தியது. சிறு வியாபாரிக்குப் பயன்பட்ட சேவைக்கே வரியைக் கூட்டுவது தவறான முடிவு. மின்னணுப் பரிமாற்றத்துக்கு 2022-இல் வரி போட்ட கானா, 2025-இல் அதை ரத்து செய்தது. கென்யாவும் குறைந்தபட்சம் சிறு தொகைப் பரிமாற்றங்களுக்காவது இந்த வரியை நீக்க வேண்டும்.