அந்த ராணி எந்த ஊர்ல கிடைச்சா?

இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வந்ததும் நான் முதல்ல வாங்க நினைச்சது ஷூ இல்ல, ஒரு ரோமானிய ராணி. சிரிக்காதீங்க. ரோமானிய ராணிகளோட வெள்ளிக் காசு சேர்க்கணும்னு ரெண்டு வருஷமா ஆசை. ஃபாஸ்டினா, ஜூலியா டோம்னா மாதிரி ராணிகளுக்கு டினாரியஸ் காசு ஏராளமா அடிச்சிருக்காங்க. அதனால 1,800 வருஷப் பழசா இருந்தாலும் ஒரு செகண்ட் ஹேண்ட் போன் விலைக்குள்ள வந்துடும்.

இன்ஸ்டாவில ஒருத்தர் ஃபாஸ்டினா காசு போட்டிருந்தார். உச்சியில கொண்டை போட்ட முகம், அழகா இருந்தது. "எங்க கிடைச்சதுண்ணே?"ன்னு கேட்டேன். "கரூர் அமராவதி ஆத்துல எடுத்தது தம்பி, பில் எல்லாம் கிடையாது"ன்னார். பெருமையாத்தான் சொன்னார். நான் வாங்கல. நீங்களும் வாங்காதீங்கன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காரணம் இதுதான். தமிழ்நாட்டு மண்ணில ரோமானிய வெள்ளி நிறைய கிடைச்சிருக்கு. கோவை பக்கத்து வெள்ளலூர்ல 1842-ல ஒரே புதையல்ல 500-க்கும் மேல டினாரியஸ் கிடைச்சது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசு. டைபீரியஸ் காசோட பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாங்க. அது அவரோட அம்மா, ராணி லிவியான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா காசுல அவங்க பேர் இல்ல.

கி.பி. 64-ல நீரோ மன்னன் டினாரியஸோட எடையையும் வெள்ளியையும் குறைச்சார். அதுக்கு அப்புறம் அடிச்ச வெள்ளிக் காசு இங்க ரொம்ப அரிது. நம்ம வியாபாரிங்க பழைய நல்ல வெள்ளியாப் பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க போல. ஃபாஸ்டினா நீரோவுக்கு எழுபது, எண்பது வருஷம் பிந்தினவங்க. இப்ப யோசிங்க. அந்த அண்ணன் சொன்னது பொய்யா இருந்தா, நான் ஏமாந்திருப்பேன். நிஜமா இருந்தா இன்னும் மோசம். வரலாற்றைத் திருத்தி எழுதற அளவுக்கு ஒரு சாட்சி, என் பர்ஸுக்குள்ள போய் செத்திருக்கும்.

கிடைச்ச இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? எங்க ஆண்டிபட்டி தாலுகாவுல, வைகைக் கரையில புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006-ல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அங்க தமிழி எழுத்து பொறிச்ச மூணு நடுகல்லைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணு மாடு கவர்ற சண்டையில செத்த ஒருத்தனோட கல். அதையே யாராவது லாரியில ஏத்தி, ஊர் பேர் இல்லாம வித்திருந்தா? யாரோ ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்துல அழகுக்கு நின்னிருக்கும். வைகைக் கரையில அப்பவே எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்கன்னு அதை வச்சு யாரும் பேசியிருக்க முடியாது.

"நீ வாங்கலன்னா வேற ஒருத்தன் வாங்குவான் மச்சி"ன்னு என் ரூம்மேட் சொன்னான். இன்னொரு கேள்வியும் கேட்டான்: "சேகரிக்கிறவங்க இல்லன்னா ஆத்துக் காசெல்லாம் உருக்கியிருப்பாங்களே?" நியாயமான கேள்வி. தினமலர் ஆசிரியரா இருந்த மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தியே சேகரிப்பாளராத்தான் இருந்தார். 'பெருவழுதி' காசைப் படிச்சு உலகத்துக்குச் சொன்னவர் அவர். கரூர், மதுரையில கிடைச்ச ரோமானியச் செப்புக் காசுகளையும் ஊரோட பதிவு பண்ணிப் புத்தகமாப் போட்டார். அதனால சேகரிக்கிறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். கிடைச்ச இடத்தை மறைச்சு வாங்கறதும் விக்கறதும்தான் தப்பு.

சட்டமும் இருக்கு. 1878 புதையல் சட்டப்படி, மண்ணில கிடைச்ச புதையல் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டர்கிட்ட சொல்லணும். 1972 தொல்பொருள் சட்டப்படி, பழம்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேணும்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். காசு, சிலை, பானை ஓடு, எதுவா இருந்தாலும் விலை கேட்கறதுக்கு முன்னாடி இடம் கேளுங்க. லைசென்ஸும் பில்லும் கேளுங்க. ரெண்டும் இல்லன்னா சாட்டை மூடிடுங்க. உங்க ஊர் ஆத்துல உங்களுக்கே ஏதாவது கிடைச்சா, போட்டோ எடுங்க, லொகேஷனைக் குறிச்சுக்கங்க, தாசில்தார் ஆபீஸ்ல சொல்லுங்க.

என் ஸ்டைபெண்ட் இன்னும் அக்கவுண்ட்லதான் இருக்கு. பேப்பரோட வர்ற ஃபாஸ்டினாவுக்கு வெயிட்டிங்.